ஒன்பது நொடிச் சிரிப்பு

ராஜ் அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டார்.

சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற அறை அது. வாரநாட்களில் அங்கே தட்டச்சு வகுப்பு நடக்கும். ஞாயிறு காலை மட்டும் எங்களுக்கு. மேடையில் தனியாக நின்று ஆட்களைச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடியைத் தமயந்தி மேடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் மொத்தம் ஐந்து பேர்.

தமயந்தி மேடத்துக்கு முப்பத்தெட்டு வயது. ராஜ் அண்ணனுக்கு ஐம்பத்தொன்று. இருந்தாலும் மேடம்தான் குரு, அண்ணன்தான் சீடர். மேடம் அவரை "அண்ணே" என்று கூப்பிடுவார். அண்ணன் "குருவே" என்பார். கிண்டலாக ஆரம்பித்தது, இரண்டு வருஷத்தில் நிஜமாகவே ஒட்டிக்கொண்டது.

இருதயராஜ் என்றால் யாருக்கும் தெரியாது. அலப்பறை ராஜ் என்றால் மதுரையில் ஆட்டோ நின்றுவிடும். பதினேழு வருஷமாக ஒரு எஃப்.எம்.மில் காலை ஏழிலிருந்து பத்து வரை அவர் குரல்தான். ஆனால் மேடையில் ஏற்றிவிட்டால் ஆள் ஊமை. மைக்கைப் பார்த்தால் பேசுவார், மனுஷ முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்யத்தான் இங்கே வந்து சேர்ந்தார்.

மேடமும் முன்பு அதே எஃப்.எம்.மில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர்தான். இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மேடம் மேடை ஏறினால் கல்யாண மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. அது அவருடைய பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"படிங்க குருவே. இந்தக் கொடுமையைப் படிச்சுப் பாருங்க."

மேடம் தாளை வாங்கி விரித்தார். எங்களுக்கும் கேட்கும்படி படித்தார்.

"எனது நகைச்சுவை யாருடைய மனதையேனும் புண்படுத்தியிருந்தால் அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். திங்கள், காலை எட்டு மணி. ஒரு நிமிடம்."

"யாரு எழுதினது?"

"ரேடியோ ஸ்டேஷன்ல. எழுதி, டைப் பண்ணி, நேரமும் குறிச்சுக் குடுத்துட்டாங்க. நான் வாசிக்க மட்டும் செய்யணுமாம்."

விஷயம் எங்களுக்குத் தெரியும். போன வாரம் ஒரு ஹோட்டலில் கட்டுமானக் கம்பெனி ஒன்றின் ஆண்டு விழா. அண்ணன் அங்கே பதினைந்து நிமிஷம் பேசினார். இரண்டு வருஷப் பயிற்சிக்குப் பிறகு முதல்முறையாக நாக்கு ஒட்டாமல் பேசினார். அந்தக் கம்பெனி ஒரு கண்மாயை மூடித்தான் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி விற்றிருந்தது. அண்ணன் சொன்னார், "இவங்க தனியா நீச்சல்குளம் கட்டித் தர மாட்டாங்க. ஐப்பசி வந்தா அதுவே உங்க ஹாலுக்கு வந்துரும்." விழாவுக்கு வந்திருந்த, வீடு வாங்கிய ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். முதலாளி எழுந்து போய்விட்டார். அண்ணனின் காலை நிகழ்ச்சிக்கு அதிகமாக விளம்பரம் கொடுப்பவர் அவர்தான்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? மழை பெஞ்சா சோபா மிதக்குது குருவே! குழந்தைகளைத் தோள்ல தூக்கிட்டு மாடிக்கு ஓடுறாங்க. அதுல யாரு மனசும் புண்படல. அதைச் சொன்னதும் முதலாளிக்குப் புண்பட்டுருச்சாம்!"

எனக்கும் ரத்தம் கொதித்தது. கண்மாயை விழுங்கியவனுக்கு ஒரு வரி பொறுக்கவில்லை. அண்ணனை நினைத்துப் பெருமையாக இருந்தது. நாங்கள் நாலு பேரும் கைதட்டினோம்.

"நான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு எட்டு மணிக்கு லைவ்ல இந்தத் தாளைக் கிழிக்கப் போறேன். கிழிக்கிற சத்தத்தை மதுரை கேக்கணும். வேலை போனா போகட்டும். ரெண்டு பேரு வீடியோ எடுக்க வர்றாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இருந்தாலும் உங்களைக் கேக்காம செய்ய மாட்டேன். சொல்லுங்க குருவே. நான் மன்னிப்புக் கேக்கணுமா, கூடாதா?"

மேடம் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"உங்க ஷோவுல இதுவரைக்கும் வந்ததுலயே பெஸ்ட் எதுண்ணே?"

"இப்ப அது எதுக்கு?"

"சொல்லுங்க."

"என்ன கேள்வி இது? சத்துணவுதான். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க."

உண்மைதான். 'அலப்பறை அழைப்பு' என்று அவர் ஒரு பகுதி நடத்தினார். நேயர்கள் தங்களுக்குத் தெரிந்த யாராவது ஒருவரின் நம்பரை அனுப்புவார்கள். அண்ணன் குரலை மாற்றி அந்த ஆளுக்குப் போன் போட்டுக் கலாய்ப்பார். கடைசியில் "நீங்க பேசிட்டிருக்கது அலப்பறை ராஜ்!" என்பார். அந்த ஆள் அசடு வழியச் சிரிப்பார். ஊரும் சேர்ந்து சிரிக்கும்.

சத்துணவு அழைப்பு ஏழு வருஷத்துக்கு முந்தையது. எஃப்.எம்.மின் பிறந்தநாள் வந்தால் அதை மறுபடி போடாமல் இருக்க மாட்டார்கள். நான் அதைக் கேட்டு எத்தனை தடவை சிரித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

"போடுங்க, கேப்போம்," என்றார் மேடம்.

அண்ணன் போனை எடுத்துத் தேடி, சத்தத்தைக் கூட்டி, மேசையில் வைத்தார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

செல்லூரில் வெள்ளையம்மாள் என்று ஒரு பெண். கணவர் இல்லை. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நம்பரை அனுப்பியவர் பக்கத்து வீட்டுக்காரர்.

"கலெக்டர் ஆபீஸ்லருந்து பேசுறோம். வெள்ளையம்மாள்தானே?"

"ஆமாங்கய்யா."

"உங்களுக்கு ஆர்டர் போட்டாச்சு. ஆனா ஒரு சின்னப் பரீட்சை. இருநூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்கணும். எத்தனை கிலோ பருப்பு போடுவீங்க?"

அந்தப் பெண் யோசித்துச் சொன்னார். உப்பு எவ்வளவு என்று அண்ணன் கேட்டார், அந்தப் பெண் சொன்னார். கரண்டியை எந்தக் கையில் பிடிப்பீர்கள் என்று கேட்டார், அதற்கும் பணிவாகச் சொன்னார். பிறகு, "சந்தோஷமான சேதிம்மா, பத்துப் பேருக்காவது சொன்னாத்தான் ஆர்டர் செல்லும்," என்றார் அண்ணன். அந்தப் பெண் வாசலுக்கு ஓடும் சத்தம் கேட்டது. "ஆர்டர் வந்துருச்சு! ஏய் முத்துமாரி, எனக்கு ஆர்டர் வந்துருச்சு!" என்று தெருவைக் கூட்டினார். யாரோ குலவை போட்டார்கள். அந்தப் பெண் அழுதார்.

"அம்மா, நீங்க பேசிட்டிருக்கது யார் தெரியுமா? அலப்பறை ராஜ்!"

பிறகு ஒரு சிரிப்பு. இழுத்து, நடுவில் விக்கல் மாதிரி ஒரு இடறலோடு, மறுபடி எடுத்து முடிகிற சிரிப்பு. அந்த விக்கலுக்காகவே மதுரை அந்தச் சிரிப்பை நேசித்தது. பலரும் போனில் ரிங்டோனாக வைத்திருந்தார்கள்.

"பாத்தீங்களா குருவே?" என்றார் அண்ணன். "அதுதான் மனசு. வேலை கிடைச்சுதுன்னு நம்பி, இல்லைன்னு தெரிஞ்சும் அந்தம்மா எப்படிச் சிரிச்சாங்க பாருங்க. ஒரு ஏழைப் பொம்பளைக்கு இருக்க பெருந்தன்மை அந்தக் கோடீஸ்வரனுக்கு இல்ல. இதையும் நாளைக்கு லைவ்ல சொல்லப் போறேன்."

"கடைசியை மட்டும் இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்.

"ஒன்பது நொடி," என்றார் மேடம்.

பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் சிரித்தார்.

அதே இழுப்பு. நடுவில் அதே இடறல். மறுபடி எடுத்து அதே முடிப்பு. இரண்டு வருஷமாகச் சிரிக்காத வாயிலிருந்து அந்தப் புகழ்பெற்ற சிரிப்பு வந்தது. முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அண்ணன் போனைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார்.

"அது... அந்தம்மா சிரிப்புதானே?"

"அந்தம்மா சிரிக்கல. போனை வச்சுட்டாங்க."

"இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவங்க சிரிச்சாங்க. நான் கேட்டேன்."

"எதைக் கேட்டீங்க? லைன்லயா, டேப்லயா?"

அண்ணன் தன் போனை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"கூப்பிடுற எல்லாரும் சிரிக்க மாட்டாங்கள்லண்ணே. சில பேரு திட்டுவாங்க. சில பேரு அழுவாங்க. அப்படியே போட்டா கேக்கறவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிரும், விளம்பரக்காரங்களுக்கும் பிடிக்காது. அதனால சிரிக்காதவங்களுக்குப் பதிலா நான் மைக்ல போய்ச் சிரிப்பேன். என் வேலைல அதுவும் ஒண்ணு. வாரத்துக்கு ரெண்டு மூணு பேருக்குச் சிரிப்பேன்."

"எடிட்டிங்ல என்ன நடக்குதுன்னு நான் பாக்கறதில்ல குருவே. சத்தியமா."

"ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கதான் நின்னீங்க. 'இன்னும் கொஞ்சம் இழுத்துச் சிரிம்மா, சந்தோஷமே இல்லையே'ன்னு சொன்னீங்க. எனக்கு விக்கல் வந்தது அழுகையை அடக்கினதுல. 'சூப்பர், இதுவே இருக்கட்டும்'னு கட்டைவிரலைக் காட்டினீங்க."

ராஜ் அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மனதாரவே மறந்திருந்தார். தான் ஒட்டவைத்த சிரிப்பை ஏழு வருஷம் கேட்டுக் கேட்டு, நடந்தது அதுதான் என்று நம்பிவிட்டார். ஊர் நம்பியதில் அதிசயம் என்ன இருக்கிறது? நானும் அந்த ஊரில் ஒருவன்தான்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?" அண்ணனின் குரலில் கோபம் இருந்தது. "ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வர்றேன்!"

"மன்னிப்புங்கிற வார்த்தையை நீங்க இன்னைக்குத்தான் எடுத்தீங்க."

மேடம் தன் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரைத் தட்டினார்.

"யாரு?"

"தமயந்தி பேசறேன்க்கா."

"சொல்லு தாயி."

"அன்னைக்குப் போன் பண்ணினவர் இங்க என் பக்கத்துல இருக்காரு."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"குடு."

அண்ணன் போனைக் கையில் வாங்கவில்லை. மேசையைப் பார்த்தே பேசினார்.

"அம்மா... வணக்கம்மா. நான்..."

"குரலு தெரியுது."

"அம்மா, பெரிய தப்பு நடந்துருச்சு. நாளைக்கு ரேடியோலயே, ஊரறிய, உங்க பேரைச் சொல்லி நான் மன்னிப்பு..."

"என் பேரைச் சொல்லாத!" அந்தக் குரல் போன் அதிரும்படி வந்தது. "அந்த ரேடியோல என் பேரு இனிமே வரவே கூடாது. வருசா வருசம் பொறந்தநாளு பொறந்தநாளுன்னு போடுறீங்க. நீங்க போட்ட அன்னைக்கே தெருவுல ஆரம்பிச்சிருவாங்க. 'வெள்ளையம்மா, ஆர்டர் வந்துருச்சா?' எம்மக கல்யாணத்துல, பந்தியில சோறு போட்டுட்டு இருக்கேன், ஒருத்தன் கேக்குறான், 'சாம்பாருக்கு எத்தனை கிலோ பருப்பு?' சம்பந்திவீட்டுக்காரங்க சிரிக்கறாங்க."

"அம்மா, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா."

"எனக்கு உன் மன்னிப்பு வேணாம்யா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் சிரிச்சேனா?"

அண்ணன் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"சொல்லுய்யா. நான் சிரிச்சேனா?"

"இல்லம்மா."

"அதைத்தான் ஏழு வருசமா நான் சொல்றேன். ஒருத்தரும் நம்பல. ஏன் இப்படிக் கேலி பண்றீங்கன்னு நான் கேட்டா, 'நீயே விழுந்து விழுந்து சிரிச்சியே, இப்ப என்னத்துக்குக் கோவப்படுற'ங்கறாங்க. கோவப்படக்கூட விடமாட்டேங்கறாங்கய்யா! போன வருசம் இந்தப் புள்ள வந்து தெருவுல நின்னு சொல்லுச்சு, 'அது என் சிரிப்பு, அக்கா சிரிக்கல'ன்னு. இவளையும் நம்பல. நான் ஆளு புடிச்சுட்டு வந்தேன்னுட்டாங்க. போன் பண்ணினவன் வந்து சொல்லட்டும்னாங்க."

"வர்றேன்மா. கண்டிப்பா வர்றேன். அடுத்த ஞாயித்துக்கிழமை..."

"ஏழு வருசம் பொறுத்தாச்சு, இனி ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன். நாளைக்கு வா. காலைல எட்டு மணிக்கு. எங்க தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டு மணிக்குத்தான் தண்ணி. சிரிச்சவங்க எல்லாரும் குடத்தோட அங்கதான் நிப்பாங்க. மத்த நேரம் வந்து ஒருத்தர் ரெண்டு பேருகிட்ட சொல்லிட்டுப் போறதுன்னா வராத."

அவர் போனை வைத்துவிட்டார்.

கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ ரெண்டு காப்பி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குருவே, நாளைக்கு எட்டு மணிக்கு நான் லைவ்ல இருக்கணும்."

"ஆமா."

"இந்த ஒரு நாள்தான். பதினேழு வருஷத்துல இந்த ஒரு நாள்தான் நான் உருப்படியா ஒண்ணு செய்யப் போறேன். ஊரே காத்துக்கிட்டு இருக்கு. செவ்வாய்க்கிழமை கிழிச்சா யாரு கேப்பா?"

மேடம் தன் போனைப் பைக்குள் வைத்தார்.

"நான் போகலன்னா அந்த முதலாளிக்குப் பயந்து ஓடிட்டேன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்கண்ணே."

"அதுமட்டுமில்ல. எட்டு மணிக்கு என் நாற்காலில, ஸ்டேஷன்ல மிமிக்ரி பண்ற ஆரோக்கியத்தை உக்கார வச்சுருவாங்க. அவன் என்னை மாதிரியே பேசுவான். இந்தத் தாளை என் குரல்லயே வாசிச்சுருவான்!" அண்ணன் எழுந்துவிட்டார். மேசையை அடித்தார். "கேக்கறவங்களுக்கு என்ன தெரியும்? நான்தான் மன்னிப்புக் கேட்டேன்னு நினைப்பாங்க. ரெக்கார்டு பண்ணி எல்லாருக்கும் அனுப்புவாங்க. நான் கேக்கவே இல்லைங்க! என் வாயால நான் கேக்கவே இல்லைன்னு எத்தனை பேருகிட்ட போய்ச் சொல்லுவேன்? எவன் நம்புவான்? நீதானப்பா கேட்ட, ரேடியோல கேட்டோமேம்பான்! என்ன அநியாயம் இது! ஒருத்தன் செய்யாததைச் செஞ்சான்னு அவன் குரல்லயே..."

அங்கே அவர் குரல் நின்றுவிட்டது.

ஓங்கிய கை அப்படியே இருந்தது. மெல்ல அதை இறக்கி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன்.

மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணன் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது.

"செல்லூர்ல எந்தத் தெரு குருவே?"

மேடம் சொன்னார்.

"தெரு முழுக்க நிப்பாங்களா?"

"அம்பது அறுபது பேரு நிப்பாங்க. உங்க குரலைக் கேட்டதும் இன்னும் கூடும்."

"எனக்கு ஆளுங்க மூஞ்சியைப் பாத்தா பேச வராது. உங்களுக்குத் தெரியும். அந்த ஹோட்டல்ல விளக்கு கண்ணுல அடிச்சுது, யாரையும் பாக்கல, அதனால பேசிட்டேன். இது பகல் வெளிச்சம்." மேசையிலிருந்த தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேடத்திடம் நீட்டினார். "என்ன பேசணும்னு எழுதித் தாங்க குருவே. எப்படி ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு. ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"அந்தம்மா சிரிக்கலன்னு சொல்லுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தம்மா பேசுவாங்கண்ணே. நீங்க நில்லுங்க."